கரடி வருது... ஓடாதீங்க! மலைப்பாதையில் உயிரை காப்பாற்றும் வழிகள்

கோத்தகிரி,

"சிவ பூஜையில் கரடி புகுந்த மாதிரி" என்று ஊர் ஊராக பழமொழி சொல்வார்கள். நீலகிரி மாவட்டத்தில் அது வெறும் பழமொழி இல்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கோவில் கதவை உடைத்து உள்ளே புகுந்து, விளக்கு எண்ணெயை குடித்து விட்டு போகும் கரடிகள் இன்றைக்கும் உண்டு. ரேஷன் கடை, டீக்கடை, பேக்கரி என்று எண்ணெயும் சர்க்கரையும் மணக்கும் இடம் எதையும் அவை விடுவதில்லை.

ராத்திரி வந்து எண்ணெயை குடித்து விட்டு போகிற கரடியால் நஷ்டம் கதவோடு முடிந்து விடும். ஆனால் ஒற்றையடி பாதையில் நேருக்கு நேர் வந்து நிற்கிற கரடி அப்படி இல்லை. தேயிலை பறிக்க போகிறவர்கள், விறகுக்கு போகிறவர்கள், ஸ்கூலுக்கு குறுக்கு வழியில் நடக்கிற பிள்ளைகள், லீவு நாளில் மலை ஏற வருகிற வெளியூர் இளைஞர்கள் என எல்லோரும் நடக்கிறது அதே பாதையில்தான்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? ஓடுவதா, மரத்தில் ஏறுவதா, செத்த மாதிரி படுத்துக் கொள்வதா? பலருக்கு தெரிந்தது எல்லாம் சின்ன வயசில் கேட்ட கதை மட்டும்தான். அந்த கதையை நம்பி மலைக்கு போனால் ஆபத்து.

மறக்க முடியாத 2 சம்பவங்கள்

2016-ம் ஆண்டு கோத்தகிரி பகுதியில் தேயிலை தோட்டத்தில் கணவன், மனைவி 2 பேரும் கரடி தாக்கி இறந்தார்கள். ஆட்களை தாக்கிய அந்த கரடியும் பிறகு சுட்டுக் கொல்லப்பட்டது.

2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் தென்காசி மாவட்டம் கடையம் அருகே பைக்கில் மசாலா பொருட்கள் விற்க போன வியாபாரியை கரடி கடித்துக் குதறியது. அவரை காப்பாற்ற ஓடி வந்த 2 பேரையும் அது விடவில்லை. 3 பேரும் படுகாயத்துடன் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகப்பட்டார்கள். வனத்துறையினர் மயக்க ஊசி போட்டு கரடியை பிடித்தார்கள். காட்டில் கொண்டு போய் விடப்பட்ட அந்த கரடியும் பின்னர் இறந்து போனது.

இரண்டு சம்பவத்திலும் மனிதனுக்கும் நஷ்டம், கரடிக்கும் நஷ்டம். இரண்டு தரப்பும் தப்பிக்க வேண்டும் என்றால், கரடி எதற்காக தாக்குகிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

நம்ம ஊர் கரடி எது?

இந்தியாவில் 4 வகை கரடிகள் இருக்கின்றன. அதில் தென்னிந்தியாவில் இருப்பது ஒரே ஒரு வகைதான். உடம்பு முழுக்க சடை சடையாக கருப்பு முடி, வெளுத்த மூஞ்சி, நெஞ்சில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெள்ளை அடையாளம். இதுதான் நம்ம ஊர் கரடி. தேன் கரடி என்றும் சொல்வார்கள். நீலகிரி, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை என்று தமிழ்நாட்டு மலைக்காடுகள் பலவற்றில் இது வாழ்கிறது. இலங்கையிலும், நேபாளத்திலும் உண்டு.

நன்றாக வளர்ந்த ஆண் கரடி 80 கிலோவில் இருந்து 145 கிலோ வரை இருக்கும். பெண் கரடி கொஞ்சம் சின்னது. 55 முதல் 95 கிலோ வரை இருக்கும்.

இதன் முக்கிய சாப்பாடு என்ன தெரியுமா? கரையானும் எறும்பும்தான். மேல் வரிசையில் நடுவில் இருக்க வேண்டிய 2 பல் இந்த கரடிக்கு கிடையாது. அந்த ஓட்டை வழியாக மூச்சை இழுத்து, புற்றில் இருக்கிற கரையானை உறிஞ்சி விடும். புழுதி போகாமல் இருக்க மூக்கு துவாரத்தை அதுவே மூடிக் கொள்ளும். அது உறிஞ்சுகிற சத்தம் 100 மீட்டர் தூரத்துக்கு அப்பாலும் கேட்கும்.

கரையான், எறும்பு போக தேன், நாவல் பழம், அத்தி, இலந்தை, கொன்றைக்காய் எல்லாம் சாப்பிடும். ஆக, மனிதனை அடித்து தின்பதற்காக தேடி வருகிற மிருகம் இது இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக் கொண்டால் மற்ற எல்லாம் புரியும்.

அப்புறம் ஏன் கடிக்கிறது?

பயம்தான் காரணம்.

கரடிக்கு மூக்கு ரொம்ப கூர்மை. ஆனால் கண் பார்வை மந்தம். காதும் அவ்வளவு சரியாக கேட்காது. அதிலும் புற்றை தோண்டி உறிஞ்சிக் கொண்டு இருக்கும் போது அது போடுகிற சத்தத்தில் ஆள் வருவதே அதற்கு தெரியாது. காற்று உங்கள் பக்கம் அடித்தால் உங்கள் வாசனையும் அதற்கு போகாது. வளைவில் திரும்பி 10 அடியில் போய் நிற்பீர்கள். உங்களுக்கு எவ்வளவு அதிர்ச்சியோ, அதை விட அதிகமாக கரடிக்கு அதிர்ச்சி.

மான் என்றால் ஓடி விடும். கரடி ஓடாது. காரணம், காலம் காலமாக புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த மிருகம் அது. புலியிடம் முதுகை காட்டி ஓடினால் கதை முடிந்தது. வேகமாக மரம் ஏறி தப்பிக்கவும் அதற்கு தோதுப்படாது. புற்று தோண்டுவதற்காக வளர்ந்த 3, 4 அங்குல நீள நகம்தான் அதன் ஆயுதம். அதனால் 'முதலில் நான் அடித்து விடுகிறேன்' என்று பாய்வதுதான் அதன் பழக்கம். புலிக்கு காட்டுகிற அதே வேகத்தை மனிதனிடமும் காட்டி விடுகிறது.

குட்டியோடு இருக்கிற தாய் கரடி என்றால் கேட்கவே வேண்டாம். இந்த வகை கரடி மட்டும்தான் குட்டியை முதுகில் உப்பு மூட்டை தூக்குகிற மாதிரி சுமந்து கொண்டு போகும். பிறந்து 6 மாதத்துக்கு மேலும் இப்படி சுமக்கும். முதுகில் பிள்ளையை வைத்துக் கொண்டு இருக்கிற தாய், எதிரில் யார் வந்தாலும் சும்மா விடுமா?

ஆக, கரடியிடம் இருந்து தப்பிக்க மிகப்பெரிய வழி அதை பார்த்த பிறகு செய்கிற வீரச்செயல் அல்ல. அதற்கு அதிர்ச்சி கொடுக்காமல் இருப்பதுதான். நாம் வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து விட்டால் பெரும்பாலும் கரடியே ஒதுங்கி போய் விடும்.

எந்த நேரம் டேஞ்சர்?

கரடி அதிகமாக நடமாடுவது பொழுது சாய்ந்ததில் இருந்து மறுநாள் விடிகிற வரை. அதிகாலையும், அந்தி நேரமும் பாதையில் எதிர்ப்படுகிற வாய்ப்பு அதிகம். வாக்கிங் போகிறவர்கள், பால் ஊற்றப் போகிறவர்கள், முதல் பஸ்சை பிடிக்க குறுக்கு வழியில் இறங்குகிறவர்கள் இந்த நேரத்தில் தனியாக போகவே கூடாது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் துணை வேண்டும், நல்ல டார்ச் லைட் வேண்டும், வாயில் பேச்சு வேண்டும்.

"அப்போ பகலில் பயம் இல்லையே?" என்று நினைத்து விடாதீர்கள். பகலில் கரடி புதருக்குள் படுத்து தூங்கும். அசந்து தூங்குகிற மிருகம் அது. விறகு பொறுக்கவோ, ஒதுங்கவோ அந்த புதருக்குள் திடீரென்று நுழைந்தால் தூக்கத்தில் இருந்து விழித்த கரடி நேராக மேலே பாய்ந்து விடும்.

எந்த இடத்தில் உஷார்?

* உண்ணிச்செடி புதர் அடர்ந்த இடங்கள். பராமரிப்பு இல்லாமல் காடாக கிடக்கும் தேயிலை தோட்டங்களும் இதில் சேர்த்தி.

* பாறை இடுக்கு, குகை மாதிரி இருக்கிற இடங்கள். தாய் கரடி குட்டி போடுவது இங்கேதான். தென்னிந்தியாவில் டிசம்பர், ஜனவரியை ஒட்டி குட்டி பிறக்கும். செல்பி எடுக்கிறேன் என்று பாறை இடுக்கில் தலையை விட வேண்டாம்.

* ஓடை, நீர்வீழ்ச்சி ஓரம். தண்ணீர் சத்தத்தில் நீங்கள் வருவது கரடிக்கு கேட்காது. கரடி இருப்பது உங்களுக்கும் கேட்காது.

* பழம் கொட்டிக் கிடக்கிற நாவல், அத்தி, பலா மரத்தடி. தேன் கூடு இருக்கிற மரம்.

* குப்பை கொட்டுகிற இடம். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு பின்னால் இருக்கிற குப்பை மேட்டுக்கு கரடி அடிக்கடி வரும்.

கரடி வந்து போன அடையாளத்தையும் கண்டுபிடிக்கலாம். கரையான் புற்று புதுசாக உடைக்கப்பட்டு, குழி தோண்டி, ஈர மண் வெளியே கிடந்தால் அது கரடி வேலையாக இருக்கலாம். மரப்பட்டையில் நீளமான நகக்கீறல் இருக்கும். சாணத்தில் பழக்கொட்டையும், எறும்பு, கரையான் ஓடும் கலந்து கிடக்கும். புதரில் இருந்து 'உர்... உர்' என்று உறிஞ்சுகிற சத்தம், மூச்சு இரைக்கிற சத்தம் வந்தால் அதற்கு மேல் ஒரு அடி கூட எடுத்து வைக்காமல் வந்த வழியே திரும்பி விட வேண்டும்.

மலை ஏறப் போகிறவர்களுக்கு...

2018-ம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் பலர் பலியான பிறகு, காட்டுக்குள் போக கட்டுப்பாடு இறுக்கப்பட்டது. 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழ்நாடு அரசு 40 மலையேற்ற பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும் திட்டத்தை தொடங்கியது. நீலகிரியிலும் இதில் பல பாதைகள் இருக்கின்றன. மலைவாழ் மக்களையும், உள்ளூர் இளைஞர்களையும் வழிகாட்டியாக பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். அது மட்டும் இல்லை. வழிகாட்டி இல்லாமல் போனால் எந்த புதரில் கரடி தங்கும், எந்த மரத்தில் இப்போது பழம் என்பது உங்களுக்கு எப்படி தெரியும்? அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அவர் "இதுக்கு மேல வேண்டாம்" என்றால் மறுபேச்சு பேசாமல் திரும்பி விட வேண்டும். கொடுத்த பணம் வீணாகிறதே என்று கணக்கு பார்க்கக் கூடாது.

நடக்கும் போது இதை மறக்காதீங்க

* கும்பலாக நடக்க வேண்டும். 4 பேருக்கு மேல் இருந்தால் நல்லது. ஒருத்தர் முன்னால் 50 அடி ஓடுவது, ஒருத்தர் போட்டோ எடுக்க பின்தங்குவது கூடாது. சின்ன பிள்ளைகள் நடுவில் வர வேண்டும்.

* பேசிக் கொண்டே நடக்க வேண்டும். வளைவு, புதர், ஓடை வரும் போது குரலை கூட்ட வேண்டும். கை தட்டலாம். கரடிக்கு காது மந்தம் என்பதால் கிசுகிசு பேச்சு போதாது.

* காதில் இயர்போன் மாட்டி பாட்டு கேட்கக் கூடாது. புதரில் சத்தம் வந்தால் உங்களுக்கு கேட்க வேண்டும்.

* கையில் ஒரு நீளமான கம்பு இருக்கட்டும். தரையிலும் பாறையிலும் தட்டிக் கொண்டே போகலாம். அவசரத்துக்கு முகத்துக்கும் கரடிக்கும் நடுவில் நீட்டிப் பிடிக்கவும் உதவும். அதற்காக கரடியை தேடிப் போய் அடிக்க வேண்டாம்.

* நாயை கூட்டிக் கொண்டு போகாதீர்கள். நாய் புதருக்குள் போய் குரைத்து கரடியை கிளப்பி விடும். அப்புறம் பயந்து போய் எஜமானிடமே திரும்பி ஓடி வரும். பின்னாலேயே கரடியும் வரும்.

* சாப்பாடு மிச்சம், பழத்தோல், பிஸ்கட் கவர் எதையும் பாதையில் போடக் கூடாது. இன்றைக்கு நீங்கள் போட்ட வாழைப்பழத்துக்கு பழகின கரடி, நாளைக்கு வேறு ஒருத்தர் வரும் போது அதே இடத்தில் நிற்கும்.

* பொழுது சாய்வதற்கு முன்னால் ஊருக்குள் வந்து விட வேண்டும்.

எதிரில் வந்து விட்டால்?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில நேரம் எதிர்ப்படத்தான் செய்யும். தூரத்தை பொறுத்து செய்ய வேண்டியது மாறும்.

கரடி தூரத்தில் இருக்கிறது, உங்களை பார்க்கவில்லை என்றால் சத்தம் போடாமல் வந்த வழியே பின்வாங்க வேண்டும். "மச்சான், வீடியோ எடுடா" என்று நிற்கக் கூடாது. கல் எறியக் கூடாது. கூச்சல் போட்டு அதை உசுப்பி விடக் கூடாது. முன்னால் சொன்ன பேச்சு சத்தம் கரடி கண்ணில் படும் முன்புதான். பார்த்து விட்ட பிறகு அமைதிதான்.

கரடி உங்களை பார்த்து விட்டது என்றால் அப்படியே நின்று விட வேண்டும். கும்பலாக இருந்தால் எல்லோரும் ஒன்றாக நெருங்கி நிற்க வேண்டும். பிறகு தாழ்ந்த குரலில் மெதுவாக பேசிக் கொண்டே, முகத்தை கரடி பக்கம் வைத்தபடி ஒவ்வொரு அடியாக பின்னால் போக வேண்டும். முதுகை காட்டித் திரும்ப கூடாது. கரடி போவதற்கு வழி விட வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது.

கரடி 2 காலில் எழுந்து நின்றால் பலர் பயந்து ஓட்டம் பிடிக்கிறார்கள். அது தாக்கப் போகிறது என்று அர்த்தம் இல்லை. கண் சரியாக தெரியாததால் எழுந்து நின்று மோப்பம் பிடித்து, 'யாரு இது?' என்று பார்க்கிறது. அந்த நேரம் அசையாமல் நின்றால் பல தடவை இறங்கி போய் விடும்.

சில நேரம் கரடி பாய்ந்து வருகிற மாதிரி ஓடி வந்து, பாதியில் நின்று திரும்பி விடும். அது மிரட்டல். அந்த ஒரு நிமிடம் தாக்குப்பிடித்து நிற்பது ரொம்ப கஷ்டம்தான். ஆனால் ஓடினால் மிரட்டல் நிஜ தாக்குதலாக மாறி விடும்.

ஓடினா என்ன ஆகும்?

குண்டாக, அசைந்து அசைந்து நடக்கிறதே என்று எடை போட வேண்டாம். கரடியை ஓட்டத்தில் ஜெயிக்க மனிதனால் முடியாது. மேட்டிலும் ஓடும், பள்ளத்திலும் ஓடும். "இறக்கத்தில் ஓடினால் கரடி முடி கண்ணை மறைக்கும், தப்பி விடலாம்" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

மரத்தில் ஏறினால்? தேன் கூட்டுக்காக உசரமான மரத்தில் ஏறுகிற மிருகம் அது. கரடி பக்கத்தில் வந்த பிறகு மரம் ஏற ஆரம்பித்தால், பாதி ஏறும் முன் காலை பிடித்து இழுத்து விடும். ஏறுவதற்கு முதுகை காட்டுவதும், கம்பை கீழே போடுவதும்தான் மிச்சம்.

பாய்ந்து விட்டால்... கடைசி வழி

'2 நண்பர்களும் கரடியும்' கதை எல்லோருக்கும் தெரியும். ஒருத்தன் மரத்தில் ஏறிக் கொள்வான். இன்னொருத்தன் மூச்சை அடக்கி செத்த மாதிரி படுப்பான். கரடி மோந்து பார்த்து விட்டு போய் விடும். இது நட்புக்கு நீதி சொல்ல வந்த கதை. கரடிக்கு பாடம் சொல்ல வந்த கதை இல்லை.

கரடியை பார்த்த உடனே செத்த மாதிரி படுத்தால் பிரயோஜனம் இல்லை. அதிலும் கதை புத்தக படத்தில் போட்டிருக்கிற மாதிரி மல்லாந்து படுப்பது எல்லாவற்றிலும் மோசம். ஏன் என்றால் நம்ம ஊர் கரடி தாக்குவது பெரும்பாலும் முகத்தையும் தலையையும்தான். கண் போனவர்கள், தாடை உடைந்தவர்கள், தலைத்தோல் உரிந்தவர்கள் உண்டு.

கரடி மேலே பாய்ந்து விட்டது, தப்ப வழியே இல்லை என்கிற கட்டத்தில் மட்டும் செய்ய வேண்டியது இது:

* உடனே குப்புற படுக்க வேண்டும். முகம் மண்ணைப் பார்த்து இருக்க வேண்டும்.

* 2 கை விரலையும் கோர்த்து பிடரியில், கழுத்துக்கு பின்னால் வைக்க வேண்டும். முழங்கை 2 பக்கமும் முகத்தை மறைத்துக் கொள்ள வேண்டும்.

* காலை கொஞ்சம் அகட்டி வைத்தால் கரடி சுலபமாக புரட்டிப் போட முடியாது. புரட்டினால் உருண்டு மறுபடியும் குப்புற வந்து விட வேண்டும்.

* முதுகில் பேக் இருந்தால் கழற்றக் கூடாது. அதுதான் அந்த நேரத்து கவசம்.

* முடிந்த வரை அசையாமல், கத்தாமல் கிடக்க வேண்டும்.

கரடி உங்களை தின்ன வரவில்லை. 'இதனால் எனக்கு ஆபத்து இல்லை' என்று தெரிந்தால் விட்டு விட்டு போகும். பெரும்பாலும் இந்த தாக்குதல் கொஞ்ச நேரத்தில் முடிந்து விடும். அது போன பிறகும் உடனே எழுந்து விடாதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டு இருக்கலாம். சத்தம் முழுசாக அடங்கிய பிறகுதான் எழ வேண்டும்.

இதற்கு நடுவில் செல்போனில் வருகிற வெளிநாட்டு வீடியோவை பார்த்து விட்டு, "கையை தூக்கி கத்தினால் கரடி ஓடி விடும், மூக்கில் குத்தினால் போய் விடும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது அமெரிக்காவில் இருக்கிற கருப்பு கரடிக்கு சொன்ன யோசனை. அந்த கரடி பயந்தால் மரம் ஏறும். நம்ம ஊர் கரடி பயந்தால் பாயும். அங்கே பலிக்கிற வித்தை இங்கே பலிக்காது.

கூட வந்தவரை கரடி தாக்கினால்?

கண் முன்னால் ஒருத்தர் கிடந்து துடிக்கும் போது சும்மா நிற்க யாருக்கும் மனசு வராது. ஆனால் கடையத்தில் காப்பாற்ற போனவர்களும் சேர்ந்துதான் காயம் பட்டார்கள். தனி ஆளாக கிட்டே போய் இழுக்கக் கூடாது. 4, 5 பேர் ஒன்றாக சேர்ந்து, கம்பு, தகரம், தட்டு எது இருக்கிறதோ அதை தட்டி, ஒரே நேரத்தில் பலமாக சத்தம் போட வேண்டும். கரடி ஓடுவதற்கு ஒரு பக்கம் வழி திறந்து இருக்க வேண்டும். சுற்றி வளைத்தால் அது இன்னும் மூர்க்கமாகும்.

காயத்துக்கு என்ன செய்வது?

108-க்கு உடனே போன் அடிக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடம் என்றால் 2 பேர் சேர்ந்து ரோட்டுக்கு போக வேண்டும். ஒருத்தரை தனியாக அனுப்ப வேண்டாம்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். துணி நனைந்தால் எடுக்காமல் அதற்கு மேலேயே இன்னொரு துணியை வைக்க வேண்டும். தலைத்தோல் கிழிந்து தொங்கினால் அறுத்து எறியக் கூடாது. பழைய இடத்திலேயே மெதுவாக வைத்து துணியால் மூட வேண்டும். டாக்டர்கள் தைத்து சேர்க்க வாய்ப்பு உண்டு. கண்ணில் காயம் என்றால் அழுத்தவே கூடாது. முகத்தில் ரத்தம் என்றால் தொண்டைக்குள் போகாமல் ஒருக்களித்து படுக்க வைக்க வேண்டும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், பச்சிலை எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். சின்ன கீறல் என்றால் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கரடி கடியாலும் ரேபிஸ் வர வாய்ப்பு உண்டு. அதனால் "நாய் கடிக்குத்தானே ஊசி?" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிக்கு போய் ரேபிஸ் தடுப்பூசி, டி.டி. ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டு போட்டுக் கொள்ள வேண்டும். போட்ட ஊசியை பாதியில் நிறுத்தக் கூடாது.

வனவிலங்கு தாக்கி காயம் பட்டாலோ, உயிர் போனாலோ அரசு நிவாரணம் உண்டு. சம்பவம் நடந்த உடனே வனச்சரக அலுவலகத்திலும், போலீசிலும் தகவல் சொல்லி விட வேண்டும். ஆஸ்பத்திரி சீட்டு, டாக்டர் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும். இதை தெரியாமல் விட்டு விட்டு பிறகு அலைகிற ஏழை தொழிலாளர்கள் நிறைய பேர்.

ஊருக்குள் வராமல் இருக்க...

எஸ்டேட் லைன் வீடுகளில் சமையல் எண்ணெய், வெல்லம், மாவு எல்லாம் ஜன்னல் ஓரம் வைக்க வேண்டாம். கோவிலில் பூஜை முடிந்ததும் எண்ணெய் டப்பாவை, பிரசாத மிச்சத்தை பூசாரி வீட்டுக்கு எடுத்துப் போய் விடுவது நல்லது. மரத்தில் பழுத்த பலா, கொய்யாவை விட்டு வைக்காமல் பறித்து விட வேண்டும். வீட்டை ஒட்டி இருக்கிற உண்ணிச்செடி புதரை வெட்டி, பாதை ஓரம் 10 அடியாவது வெளிச்சமாக வைத்தால் கரடி பகலில் அங்கே படுக்காது.

கரடி ஊருக்குள் வந்து விட்டால் கூட்டம் கூடி விரட்டக் கூடாது. அது போகிற வழி அடைபட்டால் எதிரில் இருக்கிறவர் மேல் பாயும். வீட்டுக்குள் போய் கதவை சாத்தி விட்டு வனத்துறைக்கு சொல்ல வேண்டும்.

கோபத்தில் விஷம் வைப்பது, வேட்டு வெடி வைப்பது எல்லாம் வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி கரடி முதல் பட்டியலில் இருக்கிற மிருகம். அதை கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில்.

செலவு இல்லாத பாதுகாப்பு

மலையில் பிழைப்பவர்களுக்கு காட்டுப்பாதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. விடிந்தால் கொழுந்து பறிக்க போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு துப்பாக்கி வேண்டாம், விலை கொடுத்து வாங்குகிற கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது கூட 2 ஆள், கையில் ஒரு கம்பு, வாயில் கொஞ்சம் சத்தம்.

பழைய தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக பாட்டு பாடிக் கொண்டும், ஊர்க்கதை பேசிக் கொண்டும் வேலைக்கு போவார்கள். அது பொழுது போக்கு மட்டும் இல்லை. 'நாங்க வர்றோம், நீ ஒதுங்கிக்கோ' என்று கரடிக்கு சொல்கிற சேதியும்தான். அந்த பழக்கத்தை செல்போன் காலத்தில் விட்டு விட வேண்டாம். நாளைக்கு காலையில் குறுக்கு வழியில் இறங்கும் போது, காதில் இருக்கிற இயர்போனை கழற்றி பையில் போட்டு விட்டு, பக்கத்தில் வருகிறவரிடம் வாய் விட்டு பேசிக் கொண்டே நடங்கள்.